பிரினாவின் மூக்கு

எங்கள் வீட்டில் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் வேலை என்னுடையது. சாப்பாடு என் மனைவி நிவெஸ் வைப்பாள், தண்ணீர் நான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காலையில் எழுந்ததும் என் காப்பிக்கு முன்னால் அந்தத் தகரக் கிண்ணத்தைக் கழுவி நிரப்புவேன். ஒரு நாய் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் என்னைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் சட்டைக் கையில் நாய் முடி ஒட்டியிருக்கிறது, வெளிர் பழுப்பு. நல்லதாகப் போயிற்று. பாதி விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் லிவியோ, வயது அறுபத்து மூன்று, மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதெல்லாம் உங்கள் தாளிலேயே இருக்கும். தாளில் இல்லாதது பிரினா. மிர்னா ஆற்றோர ஓக் காட்டில் மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை ட்ரஃபிள் காளானை மோப்பம் பிடிக்க அவளைப் போல ஒரு நாய் எங்கள் பக்கம் இருந்ததில்லை. மற்ற நாய்கள் மண்ணைக் கிளறித் தள்ளும். அவள் ஒரு முன்னங்காலை அந்த இடத்தின் மேல் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். மீதியை நான் என் சின்ன மண்வெட்டியால் பார்த்துக்கொள்வேன். நகம் கீறிய காளான் ஒன்றைக்கூட அவளோடு போய் நான் கொண்டுவந்ததில்லை.

அவளுக்கு ஒரு வயது ஆனபோதே கால்நடை டாக்டர் மிலேனா சொல்லிவிட்டார்.

"குட்டி எடுக்கப் போறதில்லன்னா இப்பவே ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பைய எடுத்துருங்க, பார்பா லிவியோ. விட்டா ஒவ்வொரு பருவத்துக்கும் அபாயம் ஏறிக்கிட்டே போகும். உள்ள சீழ் பிடிக்கும், மடியில கட்டி வரும். அப்புறம் நல்ல நாய பறிகொடுத்துட்டு நிப்பீங்க."

பார்பா என்றால் எங்கள் ஊரில் வயதில் மூத்தவன். மரியாதைக்குத்தான் சொன்னார். நானும் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன்.

"அறுத்தா மூக்கு போயிரும், டாக்டர்."

"மூக்கு மூஞ்சியில இருக்கு. நான் கத்தி வைக்கறது வயித்துல."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் காளான் தேடிக் காட்டுக்கு வந்தவர் இல்லை. ஆபரேஷன் செய்த பெட்டைக்கு மூக்கு மந்தமாகிவிடும், கொழுத்துப்போய் அடுப்படியில் படுத்துவிடும் என்று என் அப்பாவுக்குத் தெரியும், அவருக்குச் சொன்னவர்களுக்கும் தெரியும். யாரும் செய்து பார்த்ததில்லை. செய்து பார்க்கவே வேண்டாத அளவுக்கு அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை. இணை தேடும் பருவத்தில் இருக்கும் பெட்டையை விடிந்தும் விடியாமலும் காட்டுக்குள் ஒரு சுற்று நடத்திக்கொண்டு வந்தால் போதும். பின்னால் வரும் ஆண் நாய்களுக்கு அன்றைக்குக் காளானும் தெரியாது, எஜமானும் தெரியாது. ஆட்கள் விசிலடித்துக்கொண்டு புதர் புதராக அவற்றைத் தேடி அலைவார்கள். நான் பதினோரு மணிக்கெல்லாம் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பான்:

"என்ன லிவியோ, உன் பொண்ணு இன்னைக்கு யார் யாருக்கெல்லாம் காதல் கடிதம் எழுதிப் போட்டுட்டு வந்தா?"

வெறுங்கையோடு வந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. சங்கடம் என்னவென்றால், அவளுடைய பருவம் கோடைக் கடைசியிலேயே வந்துவிடும், வெள்ளைக் காளானின் நல்ல காலமோ அக்டோபருக்குப் பிறகுதான். பன்றிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் ஓர் ஊசி இருந்தது. ஜூலையில் போட்டால் பருவம் தள்ளிப்போகும். டாக்டர் மிலேனாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளிப்போடறீங்களே, அந்த மருந்து கர்ப்பப்பைக்குள்ள என்ன வேல பார்க்கும்னு தெரியுமா? நான் அன்னைக்கு சொன்ன சீழ நீங்களே கூப்பிட்டு உள்ள உட்கார வைக்கறீங்க."

இனிப் போடவில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த ஜூலையிலும் போட்டேன். பிரினா வாலாட்டிக்கொண்டுதான் நின்றாள்.

பெர்தோ எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். நாற்பது வயது, தனி ஆள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம் அவனுடைய கிழட்டு ஆண் நாய் எங்கள் வேலியைத் தாண்டிக் குதித்தது. மே மாதம் பிரினா ஐந்து குட்டி போட்டாள். நான்கை அன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. நிவெஸ் அதற்குப் பிறகு அந்த வாளியை எதற்கும் தொட்டதில்லை. அவள் சுபாவம் அப்படி.

பால் கட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு குட்டியை விட்டுவைத்தேன். பிரினாவின் காம்புகளில் காளானைத் தேய்த்துவிடுவேன். பாலோடு சேர்ந்து அந்த மணமும் குட்டிக்குள் இறங்கிவிடும், எங்கள் பழக்கம் அது. எட்டாவது வாரம் பெர்தோ வந்து நின்றான்.

"என் நாய் பண்ண தப்பு, பார்பா. இந்த ஒண்ணையாவது நான் வளக்கறேன். குடுங்க."

கொடுத்துவிட்டேன். இஸ்க்ரா என்று பெயர் வைத்தான். பழக்கிவிட்டவன் நான்தான். எங்கள் காட்டில் அடுத்தவன் நாய்க்கு விஷ உருண்டை போடுகிறவர்கள் உண்டு, அதனால் முதல் பாடம் அதுதான்: மண்ணில் கிடக்கும் எதையும் வாயால் தொடக்கூடாது, பழகிய கையிலிருந்து மட்டும் வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டாள். பழகிய கைகள் இரண்டு, பெர்தோவின் கை, என் கை.

அடுத்த ஜனவரியில் பெர்தோ அவளை டாக்டர் மிலேனாவிடம் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதுக்கடையில் அவனைப் பார்த்ததும் நான் சொன்னேன்:

"நாய வளக்கச் சொல்லிக் குடுத்தா, தலகாணி தச்சு வச்சிருக்கியே பெர்தோ."

கடையே சிரித்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. "பார்க்கலாம், பார்பா" என்றான், அவ்வளவுதான். அந்த இலையுதிர் காலத்தில் இஸ்க்ரா பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சின்ன நாய்தானே என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும் என்றேன்.

போன இலையுதிர் காலத்துக்கு வருகிறேன். பிரினாவுக்கு ஒன்பது வயது. ஊசி போட்டிருந்தேன், அக்டோபரில் பருவம் வந்தது, வழக்கம்போல் காட்டைச் சுற்றினோம். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை கிண்ணம் மத்தியானத்துக்குள் காலியாகிவிட்டது. நிரப்பினேன். சாயங்காலம் மறுபடியும் காலி. நிவெஸ் கொடுத்த பன்றித் தொடை எலும்பில் உப்பு அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நான்கு முறை நிரப்பினேன். புதன்கிழமை கிண்ணத்தை எடுத்துவிட்டு வாளி வைத்தேன். நிவெஸ் தொடாத அந்த வாளி சும்மாதானே கிடந்தது.

வியாழக்கிழமை நான் விறகு வாங்கப் போயிருந்த நேரம் நிவெஸ் அவளைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய்விட்டாள். எனக்குப் போன் வந்தது. போனேன். பிரினா மேசைமேல் படுத்திருந்தாள், வயிறு உப்பியிருந்தது. என்னைக் கண்டதும் வால் நுனி மட்டும் அசைந்தது.

"கர்ப்பப்பை முழுக்க சீழ்" என்றார் டாக்டர். "இன்னைக்கே எடுத்தா பொழைக்க வாய்ப்பு இருக்கு. இப்பவே ஆரம்பிக்கறேன், சரின்னு சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் காளான் திருவிழா. சதுக்கத்தில் மண் கொட்டி, காளானைப் புதைத்து வைத்து, ஊர் பார்க்க நாய்களைத் தேட விடுவார்கள். பிரினா நான்கு வருடம் தொடர்ந்து ஜெயித்தவள். அந்த முறை பெர்தோ இஸ்க்ராவின் பெயரைக் கொடுத்திருந்தான்.

"திங்கக்கெழம வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம இவ இருக்க மாட்டா, பார்பா."

மாத்திரை இருந்தால் கொடுங்கள் என்றேன். கொடுத்தார், இது போதாது என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தார். பிரினாவைத் தூக்கிக்கொண்டேன். டாக்டர் வாசலை மறித்து நின்றார், பிறகு விலகினார். என் நாய், என் முடிவு. காரில் நிவெஸ் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அவ உன்னோட மூக்கு இல்ல, லிவியோ. அவ ஒரு நாயி. அவளுக்கு வலிக்குது."

மூக்கில்லாத பிரினா என்று ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுப்படியில் கொழுத்துப் படுத்துக்கிடக்கும் ஏதோ ஒரு நாயை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? அவளைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம், வாளியின் விளிம்பில் தாடையை வைத்தபடி செத்துப்போனாள். நான் அழுதேன். அதையும் எழுதுங்கள்.

தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். என்னாச்சு என்றான். தண்ணியாக் குடிச்சா, வாந்தி எடுத்தா, போயிட்டா என்றேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவனாகத்தான் சொன்னான்:

"வெஷம்."

எங்கள் ஊரில் காளான் காலத்தில் நாய் செத்தால் முதலில் வரும் வார்த்தை அதுதான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திருவிழாவில் இஸ்க்ரா முதல் பரிசு வாங்கினாள். ஊர் சந்தேகப்பட அது போதுமாக இருந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பெர்தோ நின்றான், கைதட்ட ஆள் இல்லை. அன்றிலிருந்து மதுக்கடையில் அவன் மேசையில் யாரும் உட்காரவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸின் பக்கவாட்டில் யாரோ ஆணியால் 'விஷக்காரன்' என்று கீறிவிட்டார்கள். அப்புறம் பெற்றோர்கள் பேசினார்கள், அவனைப் பஸ்ஸிலிருந்து எடுத்துப் பணிமனையில் டயர் கழற்ற வைத்தார்கள். டாக்டர் மிலேனா மதுக்கடைக்கே வந்து, அது விஷம் இல்லை, கர்ப்பப்பைச் சீழ், இத்தனை வருடமாகத் தான் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவங்க படிச்சவங்க" என்றேன். "நான் என்னத்தச் சொல்ல?"

அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி முதல் வாரம் பெர்தோ எங்கள் கேட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். இஸ்க்ரா அவன் காலோடு ஒட்டி நின்றாள்.

"நான் பண்ணலன்னு உங்களுக்குத் தெரியும், பார்பா. ஊரு என்னமோ பேசிட்டுப் போகட்டும். இவ உங்க பிரினா பெத்த பொண்ணு. சனிக்கெழமையில இவளக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாய் இல்லாம நீங்க கைய ஆட்டிக்கிட்டு நடக்கறத என்னால பார்க்க முடியல."

தன் பெயரைக் காப்பாற்றித் தரச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருப்பேன். கேட்காமல் நாயைக் கொடுத்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஆற்று வளைவு வரை போனோம். பிரினாவே இரண்டு முறை தாண்டிப்போன ஓர் ஓக் மரம் அங்கே இருக்கிறது. அதன் அடியில் இஸ்க்ரா நின்றாள். முன்னங்காலை மண்மேல் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இதை நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, பெர்தோவுக்கோ இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உறைந்த மண்ணில் முழங்கை ஆழம் தோண்டினேன். என் இரண்டு கையும் சேர்ந்து பிடிக்கிற அளவுக்கு ஒன்று இருந்தது. பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், வாங்கித் தின்றாள். பிறகு சந்தோஷத்தில் இலைகளின் மேல் மல்லாந்து புரண்டாள். அப்போதுதான் வயிற்றில் அந்த வடுவைப் பார்த்தேன். ஒரு விரல் நீளம்கூட இல்லை. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதில் எதையும் நான் கோபத்தில் செய்யவில்லை. வெகுநேரம் அந்த வடுவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரும் வழியெல்லாம், அதிர்ஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதிர்ஷ்டம். அதற்கடுத்த சனிக்கிழமையும். அன்று இஸ்க்ரா எங்கள் சமையலறையில் மல்லாந்து கிடந்தாள், நிவெஸ் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் அன்றைய காளான்கள் இருந்தன. நிவெஸ் என்னோடு பேச்சை ஏறக்குறைய நிறுத்தியிருந்த காலம் அது. அந்த வடுவின் மேல் விரலை வைத்து, தனக்குத் தானே பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்:

"இவ்ளோதான். இவ்ளோதான் இருந்திருக்கும் அவளுக்கும்."

அந்த நாய் உயிரோடு இருக்கிறவரை நிவெஸ் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. வாயால் சொல்லாவிட்டாலும் தடவிக்கொடுத்துச் சொல்வாள். டாக்டர் சொல்வார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காட்டில் அந்த நாயே காலை மண்மேல் வைத்து, திரும்பிப் பார்த்துச் சொல்லும். வருகிற காளான் காலத்தில் மதுக்கடையிலும் சொல்வார்கள். எனக்குப் பிரினா போய்விட்டாள். அவளை நான் எதற்காகப் போகவிட்டேனோ அந்தக் காரணமும் போய்விட்டால் என் கையில் என்ன இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

ஊரில் இதைப் பழிக்குப் பழி என்கிறார்கள். நேற்று இரண்டு பேர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவர்களிடம் சொல்லிவிடுங்கள், பிரினாவுக்கு யாரும் விஷம் வைக்கவில்லை. பெர்தோ நல்லவன். பஸ்ஸை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை காலை, தோட்டத்து நத்தைகளுக்குப் போடும் விஷத்தைக் கொத்துக்கறியில் பிசைந்து எடுத்துக்கொண்டேன். பெர்தோ புகார் கொடுக்க வந்தபோது அழுதுகொண்டே உங்களிடம் சொன்னது உண்மைதான்: "மண்ணுல கெடந்தத என் இஸ்க்ரா தொடவே மாட்டா சார், என் கையிலயும் பார்பா கையிலயும்தான் வாங்குவா." என்னைக் காட்டிக்கொடுப்பதாக அவனுக்கு அப்போது தோன்றியிருக்காது. நாயின் ஒழுக்கத்தைச் சொல்லி அழுதிருக்கிறான். உங்களுக்குத்தான் உடனே பிடிபட்டிருக்கிறது. அதே ஓக் மரத்தடிக்குப் போனோம். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அவள் முகர்ந்தாள். உடனே தின்னவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி முகர்ந்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை. வாலை மெதுவாக ஆட்டினாள். அப்புறம் என் கையிலிருந்து வாங்கித் தின்றாள், முழுவதையும், உள்ளங்கையை நக்கும்வரை.

பிரினாவாக இருந்தால் முதல் முகர்விலேயே முகத்தைத் திருப்பியிருப்பாள். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை டாக்டரிடம் சொல்லுங்கள், நிவெஸிடமும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது பெட்டையாக இருந்தால் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: அறுத்தால் மூக்கு போய்விடும் என்று நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.